மழை மாதங்களில் வீட்டுக் காய்கறித் தோட்டம்



இன்றைய உரையில் நம் வீட்டு ஓரத்துச் சிறு காய்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேசுவோம். அக்டோபர் மாதம் தொடங்கி ஆண்டு முடியும் வரை பெய்யும் மழையின்போது அங்கே நாம் என்ன செய்யலாம், அதை எதற்காகச் செய்ய வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

"மழை விடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம்மிடையே வழக்கமான பேச்சு. மண்வெட்டி கதவுக்குப் பின்னால் போய்விடும். பாத்திகளில் புல் ஏறிவிடும். பிப்ரவரி மாத வெயிலில் மீண்டும் மண்ணைக் கொத்தத் தொடங்குவோம். விதை போட்டுக் காய் கண்ணில் படுவதற்குள் ஏப்ரல் வந்துவிடும். இந்த இடைவெளியில் நம் குடும்பங்கள் எதை இழக்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.

பால்மரத்தின் குளிர்காலம்

குளிர் நாடுகளில் ஆண்டுக்கு மூன்று, நான்கு மாதங்கள் நிலம் உறைந்து கிடக்கும். அந்நாட்டுக் குடியானவர்கள் அப்பொழுது வீட்டுக்குள் அமர்ந்து, வரும் ஆண்டில் எந்தப் பாத்தியில் எதைப் போடுவது என்று தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். நம் நாட்டில் பனி இல்லை, மண் உறைவதுமில்லை. ஆனால் நமது பால்மரத்துக்கு ஒரு குளிர்காலம் உண்டு. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிர் விடுகின்றன. தோட்டத்துத் துரைமார்கள் இதை 'வின்டரிங்' என்றே சொல்லி வந்தார்கள். தளிர் விடும்போது மரம் தன் சத்தை இலைக்குக் கொடுத்துவிடுவதால் பால் குறைந்துபோகிறது.

அதற்கு முந்திய மாதங்களிலோ மழை. பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது. சீவினாலும் கோப்பையில் விழுந்த பாலை மழைநீர் அடித்துக்கொண்டு போய்விடும். செம்பனைத் தோட்டங்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆண்டின் தொடக்க மாதங்களில் குலைகள் குறைவு. மழைக்காலத்திலோ வெள்ளம் நின்ற நிரைகளுக்குள் வண்டி போகாது. எடைக்கேற்பக் கூலி வாங்குகிறவர்களுக்கு இவையெல்லாம் மெலிந்த மாதங்கள்.

இதே மாதங்களில்தான் தீபாவளி, பொங்கல், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் வந்து சேருகின்றன. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் நம் பெயருக்கு நேரே தொகை ஏறுகிறது. அப்பொழுது நாம் எதைக் குறைக்கிறோம்? அரிசியைக் குறைக்க முடியாது. சீனியையும் பாலையும் குறைக்க மனம் வராது. முதலில் குறைவது காய்கறிதான். சோறு, கருவாடு, சம்பால் என்று சில நாள். மீ பொட்டலம் என்று சில நாள். வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு வேண்டியது கிடைக்காது. இரத்தச் சோகை கொண்ட தாய்மாரும், வகுப்பில் சோர்ந்து உட்காரும் பிள்ளைகளும் இதன் விளைவை அறிவார்கள்.

ஆகவே நாம் இன்று சொல்ல வருவது ஒன்றே. வருமானம் மெலியும் மாதத்தில் வீட்டுத் தோட்டம் விளைய வேண்டும். அதற்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். பிப்ரவரியில் கத்தரிக்காய் வேண்டுமென்றால் நவம்பரிலேயே விதை முளைத்திருக்க வேண்டும். மழை மாதங்கள் தோட்டத்தை மூடி வைக்கும் மாதங்கள் அல்ல. திட்டமிட்டுத் திருத்தும் மாதங்கள்.

நம் முன்னோர்க்கு இது புதியதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காதபோது, தோட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்தவற்றுள் மரவள்ளிக்கிழங்கு முதன்மையானது. 1974ஆம் ஆண்டில், உணவு விலை ஏறியிருந்த வேளையில், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, கையளவு நிலம் இருந்தாலும் பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, சந்தைக்குப் போக வழியின்றி இருந்த வீடுகளில் முருங்கையும் கங்கோங்கும் வைத்திருந்தவர்கள் கவலை குறைந்திருந்தார்கள். இடர் வந்த பிறகு விதை ஊன்றினால் அது உடனே உதவாது. முன்னரே ஊன்றியிருக்க வேண்டும்.

மழையைக் கொண்டு நிலத்தை அறிதல்

தோட்டத்தைத் திருத்துவதற்கு முன், அதில் நீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதை வெயில் காலத்தில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இடி மின்னல் இருந்தால் மட்டும் வெளியே போக வேண்டாம்.

நீர் தேங்கியிருக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். அப்பொழுதும் நீர் நிற்குமானால் அது காய்கறிப் பாத்திக்கு ஏற்ற இடமன்று. வேர்களுக்கும் மூச்சு உண்டு. மண்ணிலுள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் வேர் உயிரோடிருக்கும். அந்த இடைவெளிகள் நாள் கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் வேர் அழுகும். செடி மஞ்சளாகி விழும். இதைக் கண்டு "உரம் போதவில்லை" என்று மேலும் உரம் போடுகிறவர்கள் பலர். அங்கே தேவைப்படுவது உரம் அன்று, வடிகால்.

கூரையிலிருந்து நீர் விழும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். கூரையின் ஒரு பக்கம் 20 அடி நீளம், 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 18 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு மாலையில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 540 லிட்டர் நீர் இறங்குகிறது. 200 லிட்டர் டிரம் இரண்டு நிரம்பி, மூன்றாவதிலும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். இவ்வளவு நீரும் பாத்தியின் மேல் கொட்டினால் விதையும் மண்ணும் கால்வாய்க்குப் போய்விடும். ஆகவே கூரை நீர் விழும் வரியிலிருந்து இரண்டடியாவது தள்ளிப் பாத்தி அமைப்போம்.

மூன்றாவது, வெயில். காய் காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைகள் நான்கு மணி நேரத்திலும் பிழைத்துக்கொள்ளும். பால்மரம், செம்பனை இவற்றின் நிழல் எந்த வேளையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நீர் நிற்கும் இடம், கூரை நீர் விழும் இடம், நிழல் விழும் இடம் ஆகிய மூன்றையும் பள்ளி நோட்டுத் தாள் ஒன்றில் படமாக வரையச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதை நன்றாகவே வரைந்துவிடும். நம் திட்டத்தின் முதற்பக்கம் அதுவே.

நான்கு பாத்திகள்

20 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளத்தில் 4 அடியை எரு மேட்டுக்கும் நாற்றங்காலுக்கும் ஒதுக்கிவிடுவோம். மிச்சமுள்ள 16 அடி நீளத்தில், 3 அடி அகலமுள்ள நான்கு பாத்திகள். பாத்திகளுக்கு நடுவே ஓரடி நடைபாதை மூன்று. இரு ஓரங்களிலும் அரையடி. மொத்தம் 16 அடி அகலம் சரியாகிவிடும். மூன்றடிக்கு மேல் அகலம் வைத்தால், களை எடுக்கும்போது பாத்திக்குள் கால் வைக்க நேரும். கால் பட்ட மண் இறுகும். இறுகிய மண்ணில் நீர் வடியாது.

வெயில் காலத்தில் பாத்தி நான்கைந்து அங்குல உயரம் இருந்தால் போதும். மழை மாதங்களில் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் வேண்டும். நடைபாதை மண்ணையே வெட்டி எடுத்துப் பாத்தியின் மேல் போட்டால், ஒரே வேலையில் பாத்தி உயரும், நடைபாதை வடிகாலாகும். பாத்தியின் ஓரம் கரையாமலிருக்கப் பழைய பலகையோ, மூங்கிலோ, செம்பனை மட்டையோ வைத்துத் தடுக்கலாம். வடிகால் நீர் பக்கத்து வீட்டார் பாத்திக்குள் போகாமல் பொதுக் கால்வாயை நோக்கிப் போகட்டும். அண்டை வீட்டாருடன் சேர்ந்து வெட்டினால் வேலையும் பாதி, வீண் பேச்சும் இல்லை.

நிலம் சிறியதாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம். "அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்" என்பது பழமொழி. ஆனால் சொதசொத என்றிருக்கும் மண்ணைக் கொத்தக் கூடாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடியுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிட வேண்டும். களிபோல் வழுகினால் இரண்டு நாள் காத்திருங்கள். ஈர மண்ணைக் கொத்தினால், காய்ந்ததும் கல்லாகிவிடும்.

மண்ணுக்கு முதலில் உணவு

நம் தோட்டப்புறங்களில் சரளைக் கல் கலந்த செம்மண்ணே மிகுதி. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரி 2,500 மில்லிமீட்டர் மழை. அதாவது ஏறத்தாழ 100 அங்குலம். இவ்வளவு மழை காலங்காலமாகக் கழுவிக்கொண்டே இருப்பதால் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து போய், புளிப்புத் தன்மை ஏறியிருக்கிறது. புளித்த மண்ணில் எவ்வளவு உரம் போட்டாலும் செடி அதை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு மருந்து விவசாயச் சுண்ணாம்பு. நாம் சொன்ன அளவுள்ள ஒரு பாத்திக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது காரம் மிகுந்தது. சுண்ணாம்பு போட்ட அன்றே கோழி எருவோ யூரியாவோ போடக் கூடாது. இரண்டும் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிக் காற்றில் போய்விடும். இரண்டு வாரம் கழித்து எரு இடுங்கள். விறகு அடுப்புச் சாம்பல் இருந்தால் சிறிதளவு தூவலாம். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஆகாது.

எரு மேடு அமைக்க மூன்றடிச் சதுர இடம் போதும். காய்ந்த இலை ஒரு சாண், அதன்மேல் பச்சைப் புல்லும் காய்கறித் தோலும், அதன்மேல் ஆட்டு எரு அல்லது மாட்டுச் சாணம், மேலே ஒரு கை மண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இலை கொட்டும் காலத்தில் பால்மரக் காட்டில் இலைக்குப் பஞ்சமில்லை. அப்பொழுது சில சாக்கு வாரி வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்காலம் வரைக்கும் வரும். செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையும் நல்ல எரு. ஆனால் நிர்வாகம் அதைக் காட்டுக்கே உரமாகப் போடுவதால், கேட்டு வாங்கிக்கொள்வதே முறை.

மழை மாதங்களில் எரு மேட்டுக்கு ஒரு பழைய தகரம் கூரையாக வேண்டும். மூடாத எருவிலிருந்து சத்தெல்லாம் பழுப்பு நீராக வடிந்து போய்விடும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மக்கிவிடும். கறுத்து, உதிரியாகி, புது மழை மண் மணம் வீசினால் எரு தயார். கைக்குச் சூடு தட்டினால் இன்னும் ஆகவில்லை. பச்சைக் கோழி எருவை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துபோகும்.

பாத்தியை வெறுமையாக விட்டுவிடவும் கூடாது. மழைத்துளி வெறும் மண்ணை அடித்து இறுக்குகிறது. மண் தெறித்துக் கீரையின் அடியிலைகளில் நோயை ஒட்டுகிறது. காய்ந்த இலையையோ, பூக்காத லாலான் தாளையோ இரண்டங்குலம் பரப்பிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் குறையும். லாலானின் வேரைச் சேர்த்துப் போட்டால் அது நம் பாத்தியிலேயே குடியேறிவிடும். ஆகவே தாளை மட்டும் அறுத்துப் போடுங்கள்.

நாள் கணக்கு

இனி நம் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருவோம். எந்தச் செடி எத்தனை நாளில் பலன் தரும் என்பது தெரிந்தால் திட்டம் தானாக வந்துவிடும்.

கங்கோங், தண்டுக்கீரை இரண்டும் விதைத்த 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். சாவிக்கு 30 முதல் 40 நாள். வெண்டை, பயற்றங்காய் 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். பாகற்காய்க்கு 50 முதல் 60 நாள். கத்தரியை நாற்றாக ஒரு மாதம் வளர்த்து, பிடுங்கி நட்டபின் 60 முதல் 75 நாளாகும். மிளகாய்க்கு நட்டபின் 75 முதல் 90 நாள். வத்தாளைக் கொடிக்கு மூன்றரை முதல் நான்கு மாதம். மரவள்ளிக்கு ஏழெட்டு மாதம்.

பிப்ரவரி, மார்ச்சில் பலன் வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவோம். வத்தாளைக் கொடியை அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பருக்குள் நட்டுவிட வேண்டும். ஓரடி உயர வரப்பின் மேல் நட்டால்தான் கிழங்கு அழுகாது. இடையில் அதன் இளந்தளிரைக் கீரையாகவும் சமைக்கலாம். கத்தரி, மிளகாய் விதைகளை நவம்பர் நடுவில் நாற்றங்காலில் தூவி, டிசம்பர் விடுமுறையில் பிடுங்கி நட வேண்டும். கத்தரி பிப்ரவரி இறுதியிலும், மிளகாய் மார்ச்சிலும் கைக்கு வரும். பயற்றங்காய், வெண்டை, பாகல் இவற்றை ஜனவரி தொடக்கத்தில் விதைத்தால் பிப்ரவரி முடிவிலிருந்து காய் உண்டு. மரவள்ளிக் குச்சியை ஏப்ரல் மழையில் ஊன்றி வைத்தால் அடுத்த நவம்பர், டிசம்பருக்கு அது நம் சேமிப்பு.

கீரைக்கு வேறு முறை. 16 அடிப் பாத்தி முழுவதிலும் ஒரே நாளில் கங்கோங் விதைத்தால், ஒரு வாரம் தின்று சலித்து, மிச்சம் முற்றிவிடும். அடுத்த மாதம் முழுவதும் ஒன்றுமிராது. பாத்தியை நாலடி நாலடியாக நான்காகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு பகுதியில் மட்டும் விதையுங்கள். நான்காம் பகுதியை விதைத்த மறு வாரம் முதற்பகுதி பறிக்கத் தயாராகியிருக்கும். பறித்த இடத்தில் எரு போட்டு மீண்டும் விதைக்கலாம். கங்கோங்கை இரண்டங்குலத் தண்டு விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும். இப்படிச் செய்தால் வாரம் தவறாமல் வீட்டில் கீரை உண்டு.

மாரிக்காலம் நாடெங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை. அங்குள்ளவர்கள் விதைப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, அதுவரை சட்டி, வாளிகளில் நாற்று வளர்க்கலாம். கெடா, பேராக்கின் வட பகுதிகளில் ஜனவரி, பிப்ரவரியில் நல்ல வறட்சி உண்டு. அங்கே மழைநீரைச் சேமித்து வைப்பது அவசியம். மேற்குக் கரையில் வெள்ளம் வராது என்றும் இருந்துவிடக் கூடாது. 2021 டிசம்பரில் சிலாங்கூரே நீரில் மூழ்கியதை நாம் கண்டோம்.

நான்கு பாத்திக்கும் ஒரு முறை வைத்துக்கொள்வோம். முதற்பாத்தியில் கீரை, இரண்டாவதில் பயறு வகை, மூன்றாவதில் கத்தரி, மிளகாய், தக்காளி, நான்காவதில் கொடியும் கிழங்கும். அடுத்த முறை ஒவ்வொன்றும் ஒரு பாத்தி தள்ளிப் போகட்டும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் வாடல் நோய் மற்றதைத் தாக்கும். ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப நட்டால் நோய்க்கிருமி மண்ணிலேயே தங்கிவிடும். பயற்றஞ் செடியின் வேரில் சிறு முடிச்சுகள் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. பயறு முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அறுத்து எடுத்து, வேரை மண்ணில் விட்டுவிட்டால் அடுத்து வரும் கீரைக்கு அது உரம்.

நிலமே இல்லாதவர்களும் உண்டு. பல தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டு, அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுக்கும், என்றைக்கு மாறிப் போக நேருமோ என்றிருப்பவர்களுக்கும் பழைய வாளியும் சாக்கும் பாத்தியாகும். மிளகாய், கருவேப்பிலை, பசலை, செராய் ஆகியவை வாளியில் நன்றாக வளரும். அடியில் நாலைந்து துளை போட மறந்துவிடாதீர்கள்.

மழை கொண்டுவரும் தொல்லைகள்

மழை நாளில் நாற்றுகள் அடித்தண்டு அழுகித் தலை சாய்வது பொதுவான நோய். நெருக்கமாக விதைக்காமல், நாற்றங்காலின் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக்கைக் கூரையாகக் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விட்டால் பெரும்பாலும் தப்பலாம். இலை பச்சையாயிருக்கும்போதே கத்தரிச்செடி திடீரென்று வாடினால், வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். எரு மேட்டில் போடாதீர்கள்.

அசுவினிப் பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு சிறு கரண்டி சவர்க்கார நீர் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம். மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். பாகல் பிஞ்சுக்குச் செய்தித்தாள் பை மாட்டிவிட்டால் பழ ஈ அண்டாது. இரவில் வரும் பெரிய நத்தைகளை வெறுங்கையால் தொடாமல், உறையணிந்து பொறுக்க வேண்டும். மனிதரின் மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு அவற்றில் இருக்கக்கூடும். கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்தே உண்ண வேண்டும் என்பதற்கும் இது ஒரு காரணம்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, மருந்துத் தகரங்கள். களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் வந்த காலிப் புட்டி, தோம்பு எதையும் வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் நீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதோ, மண் நிரப்பிச் செடி வைப்பதோ வேண்டாம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒன்று தடையானதால் மற்றவை நஞ்சில்லை என்று ஆகிவிடாது. மருந்தடிக்கும் சகோதரிகள் தம் உடையையும் பம்பையும் பாத்தி ஓரத்தில் கழுவ வேண்டாம். மருந்து நீர் ஓடும் கால்வாயில் தானாக முளைத்த கங்கோங்கைப் பறிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. ஆகவே வாரம் ஒரு நாளை வைத்துக்கொண்டு, செடிச்சட்டித் தட்டு, கவிழ்ந்த தகரம், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அது பிறக்க வழியில்லை. மழைநீர் டிரம்மை மெல்லிய வலையால் இறுக்கி மூடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம், மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

மூன்றாவது, எலிக் காய்ச்சல். வெள்ளம் நின்ற நிலத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் அதன் வழியாக நோய் ஏறும். பூட்ஸ் அணிந்தே மழைநாளில் மண்ணில் இறங்குங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், வெள்ளத்தில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

பாத்தியிலிருந்து தட்டுக்கு

விளைந்தது பிள்ளைகளின் தட்டுக்கு வர வேண்டும். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, செக்கூர் மானிஸ் போன்ற கரும்பச்சைக் கீரைகளில் இரும்புச் சத்தும், கண்ணுக்கு வேண்டிய சத்தும் உள்ளன. கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே தேநீரைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்வோம். கீரையை அரிந்த பிறகு கழுவாமல், கழுவிய பிறகு அரிய வேண்டும். நெடுநேரம் கொதிக்க விடவும் வேண்டாம்.

ஒரு சிறு நோட்டில் நான்கு கோடு கிழித்து, என்ன விதைத்தோம், எந்த நாளில், எப்பொழுது பறித்தோம், எவ்வளவு என்று எழுதி வாருங்கள். வாரத்துக்குப் பத்து ரிங்கிட் காய்கறிச் செலவு மிச்சமாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், 20 வாரங்களில் 200 ரிங்கிட். மெலிந்த மாதத்தில் கடைக்காரர் புத்தகத்தில் ஏறாத 200 ரிங்கிட் அது. அடுத்த ஆண்டு எதைக் கூட்டுவது, எதை விடுவது என்பதையும் அந்த நோட்டே சொல்லிவிடும்.

விதைக்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. "அக்கா, இரண்டு முருங்கைக் குச்சி கொடுங்கள், நான் பயற்றம் விதை தருகிறேன்" என்று கேட்டால் நம் லயத்தில் இல்லை என்று சொல்பவர் யார்? கூடுதல் விளக்கம் வேண்டுவோர் மாவட்ட விவசாய இலாகாவை நாடலாம். வேலி போடுவதற்கும் புது இடத்தைக் கொத்துவதற்கும் முன் தோட்ட நிர்வாகத்தினரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நிலம் அவர்களுடையது, பிறகு வரும் மனக்கசப்பைத் தவிர்க்கலாம்.

நேயர்களே, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. இந்த வாரம் மூன்று வேலைகள் செய்வோம். அடுத்த மழை ஓய்ந்ததும் நீர் நிற்கும் இடத்தில் குச்சி நடுவோம். ஒரு பாத்தியை மட்டும் ஓரடி உயர்த்துவோம். அதில் நாலடி இடத்தில் ஒரு பிடி கங்கோங் விதையை, இரவு ஊற வைத்து மறுநாள் ஊன்றுவோம். மற்ற பாத்திகள் ஒவ்வொரு வாரமாக வரட்டும். பால்மரம் இலையைக் கொட்டி நிற்கும் நாளில் நம் அடுக்களையில் கீரையும் கத்தரிக்காயும் இருக்கும்.